தெருமுனைப் பெட்டியை எங்கே வைப்பது? செட்டிநாட்டுச் செம்புக் கம்பியும் இணைய வேகமும்

கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு முனையில் இடுப்பளவு உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நிற்பதைப் பார்க்கலாம். பெயின்ட் உதிர்ந்திருக்கும். மேலே பழைய கல்யாண போஸ்டரின் மிச்சம் ஒட்டியிருக்கும். கரண்ட் பெட்டி என்று நினைத்துப் பலர் ஒதுங்கிப் போவார்கள். அது தொலைபேசி பில்லர். தரைவழித் தொலைபேசி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டின் கம்பியும் இந்த மாதிரி ஒரு பெட்டிக்குள் புகுந்துதான் எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருக்கும்.

அதே செம்புக் கம்பியில் இணைய வேகத்தைக் கூட்ட வேண்டும் என்றால், எல்லாம் இந்தப் பெட்டியில்தான் தொடங்குகிறது. இதன் பக்கத்தில் மின்சாரம் வாங்கி இயங்கும் இன்னொரு பெட்டியை நிறுத்துவார்கள். எக்ஸ்சேஞ்சில் இருந்து அதுவரைக்கும் கண்ணாடி இழை, அங்கிருந்து வீடு வரைக்கும் ஏற்கெனவே கிடக்கும் செம்பு. பிரிட்டனில் 2010 வாக்கில் தொடங்கி நாடு முழுக்க இப்படித்தான் செய்தார்கள். ஜெர்மனி அதற்கும் முன்னால், 2006இலேயே தொடங்கிவிட்டது. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் அந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்பதில் 100 மீட்டர் தவறினாலும், அதற்குப் பின்னால் இருக்கும் தெரு முழுவதும் பல வருஷம் அந்தத் தவறோடுதான் இருக்க வேண்டும். வேகத்தை முடிவு செய்வது பெட்டிக்குள் இருக்கும் மிஷின் இல்லை. பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கம்பியின் நீளமும் அதன் நிலையும்தான். இதை மனதில் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் குறைவு என்பது என் அனுபவம். பெரும்பாலும் வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள்.

கம்பி போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்சேஞ்சில் எல்லாக் கம்பியும் வந்து சேரும் பெரிய சட்டம் ஒன்று உண்டு, அதை எம்டிஎஃப் என்பார்கள். அங்கிருந்து நூற்றுக்கணக்கான ஜோடிகள் (ஓர் இணைப்புக்கு இரண்டு கம்பி, அதுதான் ஒரு ஜோடி) கொண்ட தடித்த கேபிள் மண்ணுக்குள் கிளம்பும். தண்ணீர் புகாமல் இருக்க உள்ளே ஜெல்லி அடைத்த கேபிள் அது. அது பில்லரில் வந்து முடியும். பில்லருக்குள் அந்தப் பக்கத்து ஜோடியையும் இந்தப் பக்கத்து ஜோடியையும் ஜம்பர் என்ற சின்னக் கம்பியால் இணைத்திருப்பார்கள். அங்கிருந்து சின்ன கேபிள்கள் தெருத்தெருவாகப் பிரிந்து, 10 அல்லது 20 ஜோடி கொண்ட, டிபி என்ற சின்ன விநியோகப் பெட்டிகளுக்குப் போகும். டிபியில் இருந்து வீட்டுக்கு டிராப் ஒயர். அவ்வளவுதான்.

இந்தியாவில் தரைவழி பிராட்பேண்ட் பரவலாக வந்தது 2005 ஜனவரியில், பிஎஸ்என்எல் மூலமாக. அதற்கு முந்தைய வருஷம் வந்த பிராட்பேண்ட் கொள்கை, 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்று சொன்னது. இப்போது 2023 முதல் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட். அன்றைக்கு இணைய மிஷின்களைப் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயேதான் வைத்தார்கள். 256 கிலோபிட்டுக்கு அது போதும், 4 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்கும் கிடைத்துவிடும். அந்த வசதிதான் பின்னால் தடையாக வந்து நின்றது.

காரணம் இதுதான். செம்புக் கம்பியில் போகும் அலை, போகப்போகத் தேய்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் டெசிபல் கணக்கில் தேய்மானமும் இரண்டு மடங்கு. அலைவரிசை கூடினாலும் தேய்மானம் கூடும், ஏறக்குறைய அதன் வர்க்கமூல அளவில். எக்ஸ்சேஞ்சில் இருந்து வரும் பழைய இணைய முறையான ஏடிஎஸ்எல் 2 பிளஸ், 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பயன்படுத்துகிறது, உச்ச வேகம் 24 மெகாபிட். தெருப்பெட்டியில் வைக்கும் புது முறையான விடிஎஸ்எல் 2, அதன் பரவலான வடிவத்தில், 17.6 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. எட்டு மடங்கு அகலம். ஆனால் அந்த உச்சியில் டெசிபல் தேய்மானம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால் விடிஎஸ்எல்லின் ஆதாயம் முழுக்க முதல் சில நூறு மீட்டரில்தான் இருக்கிறது. 300 மீட்டரில் 80 மெகாபிட்டை எதிர்பார்க்கலாம். 500 மீட்டரில் 50 முதல் 60. ஒரு கிலோமீட்டரில் 25ஐ ஒட்டி வந்துவிடும். ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் பழைய ஏடிஎஸ்எல்லுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கம்பியின் தடிமனையும் பழுதையும் பொறுத்து இது ஏறும் இறங்கும், ஆனால் கோட்டின் சரிவு இப்படித்தான்.

சரி, அந்த நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

வரைபடத்தில் தெரியாத நீளம்

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பே தனி. தெருக்கள் நேர்நேராகக் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். வீடு ஒரு தெருவில் முகப்பைத் திறந்து அடுத்த தெருவில் பின்வாசலை முடிக்கும். நடுவில் முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, அப்புறம் பின்கட்டு. மழைத் தண்ணீர் தெருச்சரிவில் ஓடி ஊரணிக்குப் போய்ச் சேரும்படி ஊரையே வடிவமைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்ததில் இந்த ஊர் அமைப்புக்கும் பங்குண்டு.

கேபிள் போட்டவர்கள் இந்த அமைப்புக்குக் கட்டுப்பட்டுத்தான் போயிருக்கிறார்கள். ஊரணியின் குறுக்கே கேபிள் போகாது. கோவில் பொட்டலைச் சுற்றித்தான் போகும். ஒரு வீட்டின் பின்மதில் பில்லருக்கு எதிரிலேயே இருக்கலாம். ஆனால் டிராப் ஒயர் நுழைவது முகப்பில். முகப்பு இருப்பது அடுத்த தெருவில். கேபிள் தெருக்கோடி வரை போய், திரும்பி, மறுபடி பாதித் தெரு நடந்து, அங்கிருக்கும் டிபிக்கு ஏறி, அப்புறம்தான் வீட்டுக்கு வரும். மேலிருந்து பார்த்தால் 60 மீட்டர் என்று தெரிகிற இடம் கம்பிக் கணக்கில் 400 மீட்டரைத் தாண்டும்.

சில வருஷங்களுக்கு முன் இப்படி ஒரு ஊரில் லைன் சர்வேக்காக ஓய்வுபெற்ற லைன்மேன் ஒருவரோடு நடந்தேன். கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, "பில்லர்ல இருந்து இந்த வீடு 250 மீட்டர் இருக்கும்ணே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் லைன் முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு வந்தார். பில்லரைத் திறந்தோம். உள்ளே பல்லி முட்டை, எறும்புப் புற்று, கோடுபோட்ட நிறங்களில் ஜம்பர்கள். அந்த ஜோடியைத் தேடிப் பிரித்து மீட்டரை வைத்தார். 84 ஓம் காட்டியது. "84ஐ 175ஆல வகுத்துப் பாருங்க தம்பி" என்றார். 0.48. அதாவது 480 மீட்டர்.

175 என்பது அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த எண். 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக ஒன்று வர ஒன்று சேர்த்தால், கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம். கம்பி 0.4 மில்லிமீட்டர் என்றால் சுமார் 274. செம்பின் தடையையும் கம்பியின் குறுக்களவையும் வைத்து யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரணியைச் சுற்றி வந்த கேபிள் 420 மீட்டர், டிபியில் இருந்து வீட்டுக்கு 60 மீட்டர். பின்னால் சக்கரம் உருட்டி அளந்தபோதும் அதுதான் வந்தது. 250 மீட்டர் என்று நான் எழுதியிருந்தால் அந்த வீட்டுக்கு 80 மெகாபிட்டுக்குக் குறையாமல் தருவதாகச் சொல்லியிருப்போம். கிடைத்திருக்கப் போவது 60.

ஓம் கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். அதே டிபியில் பக்கத்து வீட்டு ஜோடி 140 ஓம் காட்டினால் அது நீளம் இல்லை, ஜாயிண்ட் பழுது. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டு விளக்காமல் விட்டால் களிம்பு ஏறுமே, அதே மாதிரி செம்பு முனையிலும் ஏறும். மழையில் ஊறி வெயிலில் காய்ந்த ஜாயிண்டில் அந்தப் பச்சைப் பொடியைக் கண்ணாலேயே பார்க்கலாம். குரல் அதன் வழியாகப் போய்விடும். விடிஎஸ்எல் அலை அங்கே தடுமாறும். மழை பெய்தால் மட்டும் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்று ஒரு தெருவே சொன்னால், புதுப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் அந்தத் தெரு ஜாயிண்டுகளைத் திறந்து பார்ப்பதுதான் மலிவு.

வீட்டுக்குள் 50 மீட்டர்

அதே வீட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. அந்த வீட்டு ஆச்சியிடம் லைன்மேன் கேட்டார்: "ஆச்சி, உள்ள பாரலல் எத்தனை இருக்கு?" ஒரே லைனில் கூடுதலாக மாட்டிய தொலைபேசிக் கருவிகளைத்தான் பாரலல் என்பார்கள். முகப்பில் ஒன்று, வளவில் அவரது அறைக்குப் பக்கத்தில் ஒன்று, பின்கட்டில் அடுப்படிக்கு வெளியே ஒன்று என்று ஆச்சி விரல்விட்டு எண்ணினார். "மணி அடிச்சா முகப்பு வரைக்கும் யாரு ஓடுறது தம்பி? அதான் எங்க அப்பச்சி அப்பவே போட்டு வச்சாக." முகப்புக்கும் பின்கட்டுக்கும் நடுவில் 50 மீட்டருக்குக் கம்பி, தேக்குத் தூணின் மேல்முனையை ஒட்டி ஆணி அடித்துப் போய்க்கொண்டிருந்தது. பின்கட்டுக் கருவி என்றைக்கோ கழற்றப்பட்டுவிட்டது. கம்பி மட்டும் அந்தரத்தில் முடிந்து நின்றது.

குரலுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. இணைய அலைக்குத்தான் கெடுதல். அலை இப்படிப் பிரிந்து போகும் கிளைக் கம்பியில் புகுந்து, முடிவில் முட்டி, திரும்பி வரும். கிளையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக அமையும் அலைவரிசையில், திரும்பி வரும் அலை நேர் அலையை அழித்துவிடும். கம்பியில் அலை போகும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20 கோடி மீட்டர். 50 மீட்டர் கிளைக்கு அந்தப் பள்ளம் 1 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது. அப்புறம் 3இல், 5இல், 7இல் என்று ஒற்றைப்படை மடங்குகளில் விழுந்துகொண்டே போகும். விடிஎஸ்எல் பயன்படுத்தும் பட்டை முழுக்கப் பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகிவிடும்.

சாதாரண வீட்டில் 5 மீட்டர், 8 மீட்டர் கிளை இருக்கும். இங்கே வீடே 50 மீட்டர். பெட்டியை வாசலுக்கு எதிரிலேயே கொண்டுவந்து வைத்தாலும் இந்தக் கிளையோடு சேர்ந்தால் வேகம் வராது. தீர்வு பெரிய விஷயம் இல்லை. கம்பி வீட்டுக்குள் நுழையும் முகப்பிலேயே குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரைப் போட்டு, மோடத்தை அங்கே வைத்து, உள்ளே போகும் பழைய கம்பியைக் குரலுக்கு மட்டும் விட்டுவிட வேண்டும். அப்புறம் சுண்ணாம்புக் காரை பூசிய கனத்த சுவர்களைத் தாண்டி வைஃபை பின்கட்டுக்குப் போகாது. அதற்கு நெட்வொர்க் கேபிள் தனியாக இழுக்க வேண்டும். எத்தனை மெகாபிட் என்று விளம்பரம் போடுகிறவர்கள் இந்த 50 மீட்டரை மறந்துவிடுகிறார்கள். ஆச்சியோ அறைக்குள் உட்கார்ந்து, சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி முகம் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று கேட்கிறார்.

பூட்டின வீடுகளும் பக்கத்து ஜோடியின் சத்தமும்

பெட்டியில் எத்தனை போர்ட் வைப்பது என்பது அடுத்த கேள்வி. ஓர் இணைப்புக்கு ஒரு போர்ட். 48 போர்ட் கொண்ட கார்டுகளாக அடுக்குவது வழக்கம். நாலு கார்டு போட்டால் 192. மற்ற ஊர்களில் வீடுகளை எண்ணி, அதில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று ஒரு பங்கைப் போட்டால் முடிந்தது. இங்கே வீட்டுக் கணக்கு ஏமாற்றும். நகரத்தார் கோவில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளி வரி அந்தக் கணக்கில்தான். ஒரே வளவுக்குள் ஐந்து புள்ளிக்கு ஐந்து அறை, ஐந்து சாவி இருக்கலாம். ஐவரும் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்கலாம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் மட்டும் முகப்பில் இருப்பார். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோவில் திருவிழா என்று வந்தால் அத்தனை பேரும் ஒரே நாளில் வந்து இறங்குவார்கள்.

இதனால் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் இழையில் எவ்வளவு திறன் வேண்டும் என்பதைத் திருவிழா நாளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது யாருக்கும் தோன்றும். அதை விட முக்கியமான விளைவு ஒன்று உண்டு. ஒரே கேபிளுக்குள் நெருக்கியடித்து ஓடும் ஜோடிகள் ஒன்றின் அலை மற்றொன்றில் கசியும். கல்யாண வீட்டு வளவில் ஒரு மூலையில் இரண்டு பேர் பேசினால் தெளிவாகக் கேட்கும், 200 பேரும் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்காது. அதே கதைதான். தெருவில் முதலில் இணைப்பு வாங்கியவருக்கு 80 மெகாபிட் வரும். பக்கத்து வீட்டாரெல்லாம் வாங்கிய பிறகு அவருக்கே 55, 60 என்று இறங்கலாம். கம்பி பழுது இல்லை, யார்மேலும் குற்றமும் இல்லை. ஜோடிகள் நிறைந்துவிட்டன, அவ்வளவுதான்.

மற்ற ஊரில் இந்தச் சரிவு ஒரே முறை நடந்து நின்றுவிடும். செட்டிநாட்டில் வருஷா வருஷம் பருவத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். பூட்டின வீட்டில் மோடம் அணைந்திருக்கிறது, கேபிள் அமைதியாக இருக்கிறது. ஆடி மாதத்தில் அளவெடுத்து, லைன் நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனால், தை மாதக் கல்யாண நாட்களில் அந்த எண் நிற்காது. அளவெடுக்கும் மாதத்தைத் திட்டத்திலேயே எழுத வேண்டும் என்று நான் வாதாடியது இதனால்தான்.

வெக்டரிங் என்ற முறை இதற்கு மருந்து. 2010இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு இதைத் தரமாக வெளியிட்டது. பெட்டியில் இருக்கும் மிஷின் எல்லா ஜோடிகளையும் ஒரே நேரத்தில் கவனித்து, எந்த ஜோடியின் சத்தம் எதில் எவ்வளவு கசிகிறது என்று கணக்கிட்டு, அதற்கு எதிரான அலையை முன்கூட்டியே கலந்து அனுப்பும். கசிவும் எதிர் அலையும் சேர்ந்து அடங்கிவிடும். ஆனால் இதற்கு ஒரு கட்டாயம் உண்டு: அந்தக் கேபிளில் ஓடும் எல்லா விடிஎஸ்எல் ஜோடியும் அந்த ஒரே மிஷினின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அதே கேபிளில் வேறு ஒரு பெட்டியில் இருந்து நாலு ஜோடி ஓடினால்கூட அந்தச் சத்தத்தை இது கணக்கில் எடுக்க முடியாது. எனவே ஒரு பில்லருக்கு ஒரு பெட்டி.

தூரத்து நகருக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி வைக்கலாமா என்ற கேள்வி இங்கேதான் வரும். காரைக்குடியைச் சுற்றி பிளாட் போட்டு வளர்ந்த நகர்களில் இது நிஜமான பிரச்சினை. ஒரு பில்லரில் 180 இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். 120 வீடு 400 மீட்டருக்குள், மிச்சம் 60 வீடு 1.1 கிலோமீட்டருக்கு அப்பால் புது நகரில். பில்லரில் மட்டும் பெட்டி வைத்தால் அந்த 60 பேருக்கு 20 மெகாபிட்டைத் தாண்டாது. அங்கே 48 போர்ட் பெட்டி இரண்டு வைத்தால் எல்லோருக்கும் 60 கிடைக்கும். ஆனால் நகருக்குப் போகும் ஜோடிகளைப் பில்லரில் இருந்து இணையத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நகரின் வாசலில் கேபிளை வெட்டி, அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா வீடுகளையும் ஒன்றுவிடாமல் புதுப் பெட்டிகளுக்கே மாற்ற வேண்டும். அந்த இரண்டு பெட்டியும் தங்களுக்குள் கேபிளைப் பங்குபோடாதபடி ஆளுக்கு ஒரு பக்கத் தெருக்களை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதி இங்கே பாதி அங்கே என்று விட்டால் இரண்டு பக்கமும் கெடும். சராசரி வேகம் நன்றாக இருக்கிறது என்று கணக்குக் காட்டி அந்த 60 பேரைக் கைவிடுவதை நான் ஏற்கமாட்டேன். கோடியில் இருக்கும் வீட்டுக்குத்தான் வேறு வழியும் இருக்காது.

பழைய ஏடிஎஸ்எல் இணைப்புகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இருந்து 2 கிலோமீட்டர் நடந்து களைத்து வரும் அலை, பில்லரைத் தாண்டியதும் புதுப் பெட்டியில் இருந்து கிளம்பும் வலுவான அலையின் பக்கத்தில் ஓட வேண்டியிருக்கும். அது அப்படியே மூழ்கிப்போகும். எனவே 2.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பெட்டியின் வலிமையை, எக்ஸ்சேஞ்சில் இருந்து அந்த இடத்துக்கு வந்து சேரும் அலையின் அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். அதற்கு எக்ஸ்சேஞ்சுக்கும் பில்லருக்கும் நடுவில் உள்ள தேய்மானத்தை ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக அளந்து பதிய வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் யாருடைய பழைய இணைப்போ ஒரு நாள் காரணம் தெரியாமல் படுத்துவிடும்.

மின்சாரம், வெயில், தண்ணீர்

பில்லருக்குக் கரண்ட் வேண்டாம். புதுப் பெட்டிக்கு வேண்டும். பழைய தொலைபேசி ஊரில் கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் 48 வோல்ட்டில் உயிரோடு இருந்தது. தெருப்பெட்டிக்கு அந்த வசதியைப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணைமின் நிலையத்தில் காலையில் நிறுத்தினால் மாலைதான் வரும் என்ற நாட்களுக்குத் தயாராக இருக்க வேண்டும். 192 இணைப்புக்கு 300 வாட் என்று வைத்தால் 48 வோல்ட்டில் 6 ஆம்பியருக்குச் சற்றுக் கூடுதல். 8 மணி நேரத்துக்கு 50 ஆம்பியர்-மணி. பேட்டரியை அடிமட்டம் வரை இறக்கக் கூடாது, வயதாக ஆகக் கொள்ளளவும் குறையும். எனவே 100க்குக் குறைந்து வைப்பது சரியில்லை.

பேட்டரிக்கு எமன் வெப்பம். மூடிய ஈய-அமில பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டியின் கதவில் கை வைத்துப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கும் என்று புரியும். காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) 1953 முதல் உலோக அரிப்பையும் பேட்டரியையும் ஆராய்ந்து வருகிறார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான நிலையம் அது. செம்பு அரிப்பும் பேட்டரி ஆயுளும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் இந்த விஷயத்துக்கு இந்த ஊரை விடப் பொருத்தமான இடம் இல்லை என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இடம் தேடும்போது செட்டிநாட்டுத் தெரு அமைப்பு இங்கே கை கொடுக்கிறது. முகப்புகள் இருக்கும் தெருவில் பெட்டி வைக்கப் போனால் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதில் நியாயமும் இருக்கிறது. கஜலட்சுமி சுதை வேலைக்கு நேர் முன்னால் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை யார் விரும்புவார்கள்? பின்வாசல் தெருவில் ஒரு பக்கம் முழுக்க உயர்ந்த மதில்தான். மதிலுக்குக் கிழக்கே ஒட்டி வைத்தால் பிற்பகல் வெயில் பெட்டி மேல் படாது. காற்றாடியின் வாய் தூசி கிளம்பும் பக்கம் பார்க்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் பில்லரை விட்டு ரொம்பத் தள்ளிப் போகவும் கூடாது. புதுப் பெட்டிக்கும் பில்லருக்கும் நடுவில் போடும் இணைப்புக் கேபிளின் நீளம், பின்னால் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் கணக்கிலும் சேரும். நிழலுக்காக 100 மீட்டர் தள்ளினால் தெரு முழுவதற்கும் 100 மீட்டர் கூடும். 20, 30 மீட்டருக்குள் நிழல் கிடைத்தால் போகலாம். இல்லாவிட்டால் பில்லர் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மேலே இரட்டைக் கூரைத் தகடு போட வேண்டியதுதான்.

தண்ணீரைப் பற்றி ஊர்ப் பெரியவர்களைக் கேட்பதே நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் கொட்டித் தீர்க்கும்போது எந்தத் தெரு வழியாக ஊரணிக்கு வரத்து போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கோடையில் காய்ந்து கிடக்கும் வாறுகாலைப் பார்த்து இடம் நல்ல இடம் என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டி அடிமேடை அந்த வரத்தின் உயரத்தை விட ஒரு முழமாவது மேலே இருக்க வேண்டும். மேடையே வரத்தை மறித்தால் ஊர் சண்டைக்கு வரும், வரவும் வேண்டும்.

தெருவில் குழி தோண்ட அனுமதி வேறு. சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா, பேரூராட்சியுடையதா, ஊராட்சியுடையதா என்பதைப் பொறுத்து மனு போகும் இடம் மாறும். 2016இல் வந்த வழியுரிமை விதிகளுக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் புது விதிகள் நடப்பில் இருக்கின்றன. செட்டிநாட்டில் அதை விடப் பெரிய தடை மண்தான். செம்புறாங்கல் பாறையில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டுவது மணலில் தோண்டுவது மாதிரி இல்லை. எக்ஸ்சேஞ்சில் இருந்து இழை வரும் தூரம்தான் செலவில் பெரும்பங்கு.

செம்பை விட்டுவிடலாமே?

கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியாவில் இப்போது வீடு வரைக்கும் இழை வந்துகொண்டிருக்கிறது. 2011இல் ஒப்புதல் பெற்று இன்று பாரத்நெட் என்று அழைக்கப்படும் திட்டம் ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகிறது. காரைக்குடியில் புது இணைப்பு கேட்பவருக்குச் செம்பைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆஸ்திரேலியா இதைச் செலவழித்துக் கற்றுக்கொண்டது. வீடு வரை இழை என்று தொடங்கிய தேசியத் திட்டத்தை 2013க்குப் பின் தெருப்பெட்டி வழிக்கு மாற்றினார்கள். 2020இல், அதே வீடுகளில் கேட்பவர்களுக்கு இழை தருவதாக அறிவித்தார்கள்.

ஆனாலும் தெருப்பெட்டித் திட்டத்தின் உழைப்பு வீணாவதில்லை. இழைக்கும் தெருவில் ஒரு பிரிப்புப் பெட்டி வேண்டும். அதற்குக் கரண்ட் வேண்டாம், வெப்பக் கவலையும் குறைவு, 100 மீட்டர் கூடினால் வேகமும் குறையாது. ஆனால் எந்த மதில் ஓரம், எந்த வரத்துக்கு மேலே, எந்த டிபியின் பின்னால் எத்தனை புள்ளி, எந்த வீட்டுக்குக் கம்பி முகப்பில் நுழைகிறது என்ற தகவல் அத்தனையும் அப்படியே பயன்படும். ஊராட்சி அலுவலகத்தில் வந்து நிற்கும் இழையை அங்கிருந்து எந்தத் தெருவுக்குக் கொண்டுபோவது என்ற கேள்விக்கும் பதில் அந்தச் சர்வே நோட்டில்தான் இருக்கும்.

அதனால் செம்புக்காகப் பெட்டி வைக்கும் ஊரிலும், செம்புறாங்கல்லை ஒருமுறை உடைக்கும்போதே இரண்டு காலிக் குழாய்களையும் சேர்த்துப் புதைத்துவிட வேண்டும். ஒன்று எக்ஸ்சேஞ்ச் பக்கம், இன்னொன்று கடைசி டிபி பக்கம். எலி புகாதபடி வாயை அடைத்து, உள்ளே நைலான் கயிறு விட்டு, எந்தக் குழாய் எந்தத் தெருவுக்குப் போகிறது, எத்தனை மீட்டர் என்று பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வைக்க வேண்டும். தாளில் எழுதி ஒட்டினால் கரையான் தின்றுவிடும்.